முள்ளெலிக்கு வைத்த பால்

உள்ளுக்கு வாங்கோ தம்பி. மழைக்குள் நின்று வாக்குக் கேட்டால் வாக்கும் நனைந்துவிடும். சப்பாத்து இருக்கட்டும். மங்கை இருந்தால் கழற்றச் சொல்லுவா, அவ இல்லை. அந்தக் கதிரையில் இருங்கோ. தமிழ்ப் பிள்ளை என்று முகத்தைக் கண்டதும் தெரிந்தது. நெஞ்சில் சிவப்புப் பூ குத்தியிருக்கிறீர்கள் என்று பிறகுதான் கண்டேன். பரவாயில்லை. நான் நீலக் கட்சி. நீலமும் சிவப்பும் ஒரு மேசையில் தேத்தண்ணி குடிக்கக் கூடாது என்று இந்த நாட்டில் சட்டம் இல்லை. இன்னும் இல்லை.

லண்டனில் இருந்து வந்தனீங்களோ? அதுதான் பார்த்தேன். இந்த ஊர் ஆளாக இருந்தால் இந்த வீட்டைத் தாண்டிப் போயிருப்பீர்கள்.

இந்த வீட்டில் இரண்டு வாக்கு. ஒன்று மங்கையுடையது, என் மனைவி. அது யாருக்கு என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை. மங்கையே நிற்கிறா. ஓம் தம்பி, உங்கள் ட்ரெவருக்கு எதிராக நிற்கிற அந்தச் சுயேச்சை வேட்பாளர் அவதான். மற்ற வாக்கு என்னுடையது. அது இன்னும் சும்மா கிடக்கிறது. ஏன் கிடக்கிறது என்று கேளுங்கோ. கேட்க வேண்டிய ஆள் கேட்கவில்லை. மூன்று கிழமையாகக் குடையும் பிடித்துக்கொண்டு மார்ஷ்காம் முழுக்கக் கதவு தட்டுகிறா. நாய் வைத்திருக்கிற வீடு, பேய் இருக்கிறது என்று சொல்லுகிற வீடு, எல்லா வீட்டுக்கும் போகிறா. ஒரே கட்டிலில் படுக்கிற மனுசனிடம் 'எனக்குப் போடுங்கோ' என்று ஒரு வார்த்தை இல்லை.

அவமானம் இல்லையா? சொல்லுங்கோ. சீனி போடவோ?

எல்லாம் போன வருடம் தொடங்கியது. ஒரு முள்ளெலியால். சிரிக்க வேண்டாம்.

நான் இந்த ஊர்ச் சந்தியில் இருபது வருடத்துக்கு மேல் பேப்பர்க் கடை வைத்திருந்தவன். சபாநடேசன் என்ற பேரை இவர்கள் சபா என்று வெட்டிக்கொண்டார்கள். கடையை விற்ற கையோடு, பழைய கவுன்சிலர் ஸ்பெயினுக்குக் குடிபோய்விட்டார். இடைத்தேர்தல் வந்தது. ஒரு நாள் நீலக் கட்சியின் தேர்தல் முகவர் ரொட்னி வந்து, நீங்கள் இருக்கிற இதே கதிரையில் இருந்தார். சேற்று நிறத்தில் ஒரு கோட் போடுகிற மனுசன். கலியாண வீட்டுக்கும் அதுதான், செத்த வீட்டுக்கும் அதுதான்.

"சபா, உங்களைத் தெரியாதவர் இந்த ஊரில் இல்லை. நீங்கள் நின்றால் என்ன?" என்றார்.

எனக்குப் பட்டத்தில் ஆசை இல்லை தம்பி. கவுன்சிலர் சபாநடேசன். ஒருக்கால் நீங்களே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கோ. வடிவாக இருக்கிறது, இல்லையா? கோயில் திருவிழா நோட்டீசில், உபயகாரர் வரிசையில், அப்படி ஒரு பேர் வந்தால் எப்படி இருக்கும்? ஆனால் எனக்கு ஆசை இல்லை. ஊருக்குச் சேவை செய்யலாம் என்றுதான் ஓம் என்றேன். சேவைக்கு ஒரு கோட் சூட்டும் தைத்தேன்.

நான் ஆயத்தம் இல்லாமல் போகவில்லை. வரி, குண்டும் குழியுமான ரோட்டு, பஸ் ஓடாதது, ஆஸ்பத்திரியில் காத்திருப்பது, எல்லாம் படித்துப் பாடமாக்கிக்கொண்டு போனேன். எங்கள் ஊரில் தேர்தல் என்றால் அதைத்தானே கேட்பார்கள்? பாலம் போடுவாயா, பிள்ளைக்கு வேலை எடுத்துத் தருவாயா என்று. இங்கே முதல் கதவு திறந்தது. ஒரு அம்மா. "உழவாரன் குருவிகளைப் பற்றி உங்கள் நிலைப்பாடு என்ன?" என்றா.

எனக்குக் குருவிகளோடு ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொன்னேன்.

அது போதாதாம். புது வீட்டுச் சுவர்களில் அந்தக் குருவிக்குக் கூடு வைத்த செங்கல் கட்டாயம் பதிக்க வேண்டுமா வேண்டாமா? அடுத்த வீட்டில் ஆறு. ஆற்றில் கழிவு கலப்பதை நான் எப்படி நிறுத்துவேன்? அதற்கடுத்த வீட்டில் குட்டிக் கரடி மாதிரி ஒரு மிருகம், பாட்ஜர் என்கிறார்கள், மண்ணுக்குள் வளை தோண்டி இருப்பது. அதைச் சுடச் சொல்லுகிற கட்சியில் நீ எப்படி நிற்கலாம் என்று ஒரு பெரிய மனுசன் என்னைக் கேட்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது. நான் என் வாழ்நாளில் எறும்பைத் தவிர வேறெதையும் கொன்றவனில்லை தம்பி.

அந்தத் தெரு முழுக்க ஒருவரும் வரியைப் பற்றிக் கேட்கவில்லை.

பிறகு டானர் வயல். நீங்கள் வரும் வழியில் பார்த்திருப்பீர்கள், பெற்றோல் ஷெட்டுக்குப் பின்னால், ஒரு மூலையில் குளம். அதில் வீடுகள் கட்ட ஒரு கொம்பனி மனுப் போட்டிருந்தது. இந்தச் சனத்தை நான் கடையில் நின்று இருபது வருடமாகப் படித்தவன். ஒருவரும் 'இங்கே வீடு வேண்டாம்' என்று சொல்லமாட்டார்கள். அது மரியாதை இல்லை. "இளம் பிள்ளைகளுக்கு வீடு கட்டாயம் வேண்டும்" என்பார்கள். தலையை ஆட்டுவார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டில் யாருக்கோ சுகமில்லாத மாதிரி, "ஆனால் அந்த நியூட் இருக்கிறதே" என்பார்கள். நியூட் என்றால் குளத்தில் இருக்கிற ஒரு பல்லி. முதுகில் கொண்டை வைத்தது. அது இருந்தால் ஒரு கல்லும் வைக்க ஏலாது, சட்டம். டானர் குளத்தில் அதைக் கண்டவர் யார் என்று நான் கேட்டுப் பார்த்தேன். கண்டவர் ஒருவரும் இல்லை. எல்லாருடைய நாயும் அந்தக் குளத்தில்தான் குளிக்கிறது.

கட்சிகளையும் சொல்லத்தான் வேண்டும், கோபிக்காதேங்கோ. உங்கள் சிவப்பு மேலிடம் வீடு கட்டு, வீடு கட்டு என்கிறது. இங்கே ட்ரெவர் 'சரியான இடத்தில் சரியான வீடு' என்கிறார். சரியான இடம் எது என்று கேட்டால் அடுத்த ஊரைக் காட்டுகிறார். எங்கள் நீலம் ஆட்சியில் இருந்தபோது வீடு கட்டுவோம் என்றது. எதிர்க்கட்சியில் இருக்கும்போது வயலைக் காப்போம் என்கிறது. மஞ்சள் கட்சிக்காரர்கள் தெருவுக்கு ஒரு கொள்கை வைத்திருக்கிறார்கள். பச்சைக் கட்சி எல்லாவற்றையும் காப்போம் என்கிறது. வாடகை ஏறுகிறதே என்றால் அதையும் காப்போம் என்கிறது.

எங்கள் நோட்டீசில் பெரிய எழுத்தில் போட்டது: 'டானர் வயலைக் காப்போம். சபாவுக்கு வாக்களிப்போம்.' எனக்கு அது நல்லாய்ப் பிடித்திருந்தது. மங்கைக்குப் பிடிக்கவில்லை. எங்களுக்கு ஒரே மகள், ஆரணி. இரண்டு குஞ்சுகளோடு லண்டனில் ஒரு லோன்ட்ரிக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறாள். எங்களுக்குக் கிட்ட வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. டானர் வயலில் வீடு கட்டினால் முதல் வீட்டுக்குப் பேர் பதிந்தவள் அவள்தான். மங்கை நோட்டீசைப் படித்துவிட்டு, "அப்ப பிள்ளை எங்கை இருக்கிறது? அந்தக் குளத்துக்குள்ளையோ?" என்று கேட்டா.

"இது கொள்கை," என்றேன். "இதிலை குடும்பத்தைக் கொண்டுவராதையும்."

பெண்களுக்கு அரசியல் விளங்காது என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு நினைத்தேன், அவ்வளவுதான்.

சரி, முள்ளெலிக்கு வாறேன். வாக்களிப்புக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் ரொட்னி மற்றவர்களின் நோட்டீசுகளை இந்த மேசையில் பரப்பினார். ட்ரெவர் ஏணியில் ஏறி நின்று குருவிக்கூடு பொருத்துகிறார். மஞ்சள் கட்சிக்காரி ஆற்றுக்குள் முழங்கால் வரை நிற்கிறா, கையில் ஒரு போத்தல் கலங்கல் தண்ணி, முகத்தில் தாங்க முடியாத சோகம். பச்சைக் கட்சிப் பொடியனுக்குப் படம் தேவையில்லை, அவனுடைய தாடியிலேயே ஏதாவது குஞ்சு பொரித்திருக்கும்.

"எங்களுக்கு ஒரு மிருகம் வேணும், சபா," என்றார் ரொட்னி.

நான் பாட்ஜர் என்றேன். அவர் கண்ணை மூடினார். "பாட்ஜர் வேண்டாம். எங்கள் கட்சியில் பாதிப் பேர் அதைச் சுட வேண்டும் என்கிறார்கள், மற்றப் பாதி அதற்கு உடுப்புத் தைக்கிறார்கள்."

"நரி?"

"ஐயோ. எங்கள் தலைவருடைய தாத்தா குதிரையில் ஏறி நரி துரத்தியவர். படம் கோட்டை மாதிரி ஒரு வீட்டில் தொங்குகிறது."

"வௌவால்?"

"வௌவாலுக்கு ஒருவரும் வாக்குப் போடமாட்டார்கள். பயந்து சட்டம் போடுவார்கள், வாக்குப் போடமாட்டார்கள்."

அப்படியே மான், முயல், வாத்து என்று எல்லாவற்றையும் தட்டிக் கழித்தார். ஒன்றில் எங்கள் கட்சி அதைச் சுட்டிருக்கும், இல்லாவிட்டால் தின்றிருக்கும். கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு, "முள்ளெலி," என்றார். "இந்த நாட்டில் எதிரி இல்லாத ஒரே சீவன் முள்ளெலி. எல்லாக் கட்சிக்கும் பொது. ஆனால் அதுக்கு எங்கே போவது? குறைந்துகொண்டு வருகிறது."

"அது எங்கடை வளவுக்கை ஒன்று வாறது," என்றேன்.

தம்பி, நான் இந்த நாட்டுக்கு வந்து சொன்னதிலேயே ஒரு வெள்ளைக்காரனுக்கு அவ்வளவு சந்தோசம் கொடுத்த வசனம் அதுதான்.

உண்மையில் அது வாறது மங்கைக்காக. அவ பின்வளவில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதற்குள் பூனைக்குப் போடுகிற பிஸ்கட்டும் ஒரு சிரட்டைத் தண்ணியும் வைப்பா. இருண்டுவருகிற மம்மல் பொழுதில் அது மெதுவாக வந்து, சத்தம் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகும். நெறு நெறு என்று, பல் கட்டிய கிழவன் முறுக்குத் தின்கிற மாதிரி. மூன்றாம் வீட்டு பிரெண்டா அதற்கு ஜெரால்ட் என்று பேர் வைத்திருந்தா. பிரெண்டா யார் என்றால், தன் கார்க் கொட்டிலில் முள்ளெலி ஆஸ்பத்திரி நடத்துகிற மனுசி. இந்த நாட்டில் அப்படி உண்டு. ஆஸ்பத்திரியில் மனுசனுக்குக் கட்டில் கிடைக்காது, முள்ளெலிக்கு வெப்பமூட்டிய பெட்டி. அதோடு பிரெண்டா நாற்பது வருட நீலக் கட்சி உறுப்பினர். எங்கள் நோட்டீசுகளில் பாதியை வீடு வீடாகப் போடுகிறவ அவதான். அதை மனதில் வைத்திருங்கோ.

படம் எடுக்கிற நாள். புதுக் கோட் சூட். ரொட்னி கமராவோடு வந்துவிட்டார். பூனை பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வேட்பாளர் நிற்பது அழகா? எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பக்கம் பாம்புப் புற்றுக்கே பால் வார்க்கிற சனம் நாங்கள். வீட்டுக்கு வருகிற ஒரு வாயில்லாச் சீவனுக்கு நாலு பேர் பார்க்க எதை வைப்பது? பால்தானே. சாமி அறையில் இருந்த வெள்ளிக் கிண்ணத்தை எடுத்தேன். பசும்பால், கொஞ்சம் இளஞ்சூடு. மங்கை குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தா.

"அதுக்குப் பால் வைக்கக் கூடாதாம். பிரெண்டா சொன்னவ."

"பால் ஆருக்கும் கூடாமல் போனதில்லை."

"அதுக்குச் செமிக்காதாம்."

"ஒரு வாய் குடிச்சால் என்ன வந்திடும்? படத்துக்குத்தானே!"

அவ உள்ளே திரும்பிவிட்டா. அவவுடைய பழக்கம் அது. ஒருக்கால் சொல்லுவா, இரண்டாம் முறை சொல்லுவா, பிறகு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்குவா. அந்தப் பாத்திரம் கழுவுகிற சத்தத்தில் எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

ஜெரால்ட் வந்தது. கிண்ணத்தை மணந்து பார்த்தது. உண்மையாகச் சொல்லுகிறேன், நாக்கு நுனியால் தொட்டது, அவ்வளவுதான். ஆனால் படம் எப்படி வந்தது தெரியுமா? நான் முழங்காலில் இருக்கிறேன், ஒரு முனிவர் மாதிரி. வெள்ளிக் கிண்ணம் பளபளக்கிறது. ஜெரால்டின் மூக்கில் ஒரு துளி பால். அதற்குக் கீழே ரொட்னி எழுதிய வரி: 'எங்கள் அயலவரைக் கவனித்துக்கொள்பவர் சபா.' ரொட்னிக்கும் பால் கூடாது என்று தெரியாது, பாருங்கோ. அவர் நாய்க்காரர்.

நோட்டீசுகள் மூவாயிரம் அச்சாகி வந்தன. பிரெண்டா தன் பங்குக் கட்டை எடுத்துப் பிரித்திருக்கிறா. அன்று பின்னேரம் அந்தக் கட்டு அப்படியே எங்கள் வாசலில் கிடந்தது. மேலே அவவுடைய கட்சி உறுப்பினர் அட்டை, இரண்டாக வெட்டி. நாற்பது வருடம்! வரியைக் கூட்டினார்கள், பிரதமர்களை மாற்றினார்கள், நாட்டையே தலைகீழாக்கினார்கள், அந்த மனுசி அசையவில்லை. பால் அசைத்துவிட்டது.

அடுத்த நாள் ஊருக்குத் தெரிந்தது. முள்ளெலிக்குப் பால் கொடுத்தால் வயிற்றாலே போய்ச் செத்துப்போகும் என்று இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியுமாம். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்களாம். எனக்கு யார் படிப்பித்தது? போதாக்குறைக்கு இரண்டு நாளில் ஜெரால்ட் பட்டப்பகலில் எங்கள் புல்லுக்குள் தள்ளாடிக்கொண்டு வந்தது. பகலில் வெளியே வந்தால் ஏதோ வருத்தம், நோய் என்று அர்த்தமாம். மங்கை அதைத் துவாயில் சுற்றி, சப்பாத்துப் பெட்டியில் வைத்து பிரெண்டாவிடம் ஓடினா. தெருவே ஜன்னலால் பார்த்தது.

பிறகு நான் எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரே கேள்விதான்: "ஜெரால்ட் எப்படி?" நான் ரோட்டைப் பற்றித் தொடங்குவேன். "ஜெரால்ட் சாப்பிடுகிறதா?" வரி. "இரவு தாங்குமா?" பிரெண்டா தன் வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, காலையும் மாலையும் உடல்நிலை அறிவித்தா. அரச குடும்பத்துக்கு வைக்கிற மாதிரி. ட்ரெவர் ஒரு பூங்கொத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஓம், உங்கள் ட்ரெவர்தான்! முள்ளெலி பூவை என்ன செய்யும்? மஞ்சள்காரி சுகம் வேண்டி ஒரு அட்டை எழுதி அனுப்பினா. பச்சைப் பொடியன் ஒன்றும் கொடுக்கவில்லை, என்னைக் கண்டபோது தலையை மட்டும் ஆட்டினான். அதுதான் எனக்குச் சுட்டது.

கடைசியில் மிருக வைத்தியர் சொன்னது என்ன? நுரையீரலில் புழு. முதலே இருந்ததாம். பாலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை! நான் துள்ளி எழும்பினேன். "ரொட்னி, உடனே இன்னொரு நோட்டீஸ் அடிப்பம். 'பால் குற்றவாளி இல்லை.' பெரிய எழுத்திலை."

ரொட்னி கோட் பொக்கெற்றுக்குள் கையை விட்டார். "சபா, வாக்களிப்பு வியாழக்கிழமை. இன்றைக்குத் திங்கள். முள்ளெலிக்கு நுரையீரலில் புழு என்று சொல்லி ஒருவன் இந்த நாட்டில் தேர்தலில் வென்றதாக எனக்கு ஞாபகம் இல்லை."

தோற்றேன். ட்ரெவரிடம், பதினொரு வாக்கால். எண்ணுகிற மண்டபத்தில், செல்லாத வாக்குகளை எங்களுக்குக் காட்டுவார்கள். ஒன்றில் ஒருவருக்கும் புள்ளடிக் குறி போடாமல், நாலு பேருக்கும் கீழே ஐந்தாவதாக ஒரு கட்டம் கீறி, 'ஜெரால்ட்' என்று எழுதி, அதற்கு நேரே புள்ளடி. அப்படி எத்தனை இருந்தது என்று நினைக்கிறீர்கள்? வேண்டாம். நான் சொல்லமாட்டேன். பதினொன்றை விடக் கூடத்தான்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் ஒரு தோற்ற வேட்பாளர், அவ்வளவுதான். நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள். ஆனால் முள்ளெலி ஆஸ்பத்திரிக்கு ஒரு விதி இருக்கிறது. சுகமானதும் அதை எங்கே கண்டெடுத்தார்களோ அங்கேயே கொண்டுவந்து விட வேண்டும். வேறு இடத்தில் விட்டால் அதுக்கு வழி தெரியாதாம். ஆகவே ஜெரால்ட் குணமானதும் ஊர்வலம் எங்கே வந்தது? இங்கே. என் பின்வளவுக்கு. நான் கோட் சூட் போட்டு முழங்காலில் நின்ற அதே இடத்துக்கு. கவுன்சிலர் ட்ரெவர், மற்றத் தோற்றவர்கள், பிரெண்டா, உள்ளூர்ப் பேப்பர்க்காரி, ஒரு பள்ளிக்கூட வகுப்பு. மங்கை எல்லாருக்கும் வடை சுட்டா. வெள்ளைக்காரர் ஒரு கையில் வடை, மறு கையில் கைத்தொலைபேசி. என்னைக் குசினியில் நின்று தட்டு எடுத்துக் கொடுக்கச் சொன்னா. நல்லதுக்குத்தானாம்.

ட்ரெவர் பேசினார். இயற்கை, எதிர்காலம், பிள்ளைகள். ஜெரால்ட் பந்தாகச் சுருண்டு கிடந்தது. மஞ்சள்காரி பேசினா. அது அசையவில்லை. பச்சைப் பொடியன் பேசியபோது இன்னும் இறுகினது மாதிரி எனக்குப் பட்டது. பேப்பர்க்காரிக்குப் படம் இல்லை. கடைசியில் சும்மா நேரம் போக்க மங்கையைப் பார்த்து, "நீங்கள்தானே இதை வளர்த்தது, என்ன சொல்லுகிறீர்கள்?" என்று கேட்டா.

மங்கை முந்தானையில் கையைத் துடைத்தா. தம்பி, இந்த ஊரில் இவ்வளவு வருடத்தில் அவ நாலு பேர் முன்னால் இங்கிலீசு கதைத்து நான் கேட்டதில்லை. கடையிலும் நான்தான் கதைக்கிறது. அவ சொன்னா: "நான் வளர்க்கேல்லை. வேலியிலை ஓட்டை இருந்தது, அது வந்தது. புது வேலி போட்டவை எல்லாம் அடைச்சுப்போட்டினம். அடைக்காமல் விட்டால் வரும். டானர் வயலிலையும் வீட்டைக் கட்டுங்கோவன். என்ரை மகளுக்கும் வீடு வேணும். வேலிக்கு வேலி ஓட்டை விட்டுக் கட்டுங்கோ. ஒரு சிடித் தட்டு அளவு காணும்."

எல்லாருக்கும் வாயில் வடை. அந்த அமைதியில் ஜெரால்ட் மெல்ல விரிந்து, மூக்கை நீட்டி, நாலு கட்சிக்காரரின் சப்பாத்துகளுக்கு நடுவால் நடந்து, வேலி ஓட்டைக்குள் பூந்து போய்விட்டது. பேப்பர்க்காரிக்கு அதன் பின்பக்கம்தான் கிடைத்தது. முன்பக்கத்தில் போட்டார்கள். மங்கை சொன்னதையும் போட்டார்கள். ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும், தட்டோடு. அது நான்.

இந்த வருடம் முழுத் தேர்தல் வருகிறது என்றதும் இந்தக் கதிரைக்கு ஓய்வில்லை. முதலில் ரொட்னி வந்தார், என்னைப் பார்க்க அல்ல. "மிஸஸ் சபா, எங்களுக்காக நில்லுங்கள். ஒன்று மட்டும், வீடு என்று சொல்ல வேண்டாம், ஓட்டை என்று சொல்லுங்கள்." பிறகு உங்கள் ஆட்கள் வந்தார்கள். "வீடு என்று சொல்லுங்கள், ஓட்டையைப் பற்றிக் கட்டிடக் கொம்பனியோடு ஆலோசிக்க வேண்டும்." பச்சைப் பொடியன் ஓட்டைக்கு உயிரைக் கொடுப்பேன் என்றான், வீடு என்றதும் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள்காரி இரண்டும் நல்லது என்றா, எந்தத் தெருவில் எதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு வரைபடத்தை விரித்தா. மங்கை எல்லாருக்கும் பிஸ்கட் வைத்தா. "வீடும் ஓட்டையும். இரண்டும் வேணும். ஒண்டை விட்டிட்டு ஒண்டு எண்டால் எனக்கு ஏலாது," என்றா. எல்லாரும் யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். யோசித்து முடிக்கவில்லை. அவ தனியே நின்றுவிட்டா.

வேட்புமனுவுக்கு இரண்டு பேர் கையெழுத்து வைக்க வேண்டும். ஒன்று பிரெண்டா. மற்றது யார்? நான் அந்தக் கிழமை முழுக்க பேனாவைச் சட்டைப் பொக்கெற்றில் வைத்துக்கொண்டு இந்த வீட்டுக்குள் உலாவினேன். தபால்காரனிடம் வாங்கினா. தபால்காரனிடம்!

நான் கேட்டேன், "ஏன், என்ரை கையெழுத்து வடிவில்லையோ?"

"நீங்கள் உங்கடை கட்சியல்லோ," என்றா. "உங்களுக்கு ஏன் கரைச்சல்?"

அது உண்மைதான். ரொட்னி தொலைபேசியில் எடுத்துச் சொன்னார். கட்சி உறுப்பினர் வேறு வேட்பாளரை ஆதரித்தால் வெளியே போட்டுவிடுவார்கள். "வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது உங்கள் விசயம், சபா. ஜன்னலில் என்ன ஒட்டுகிறீர்கள் என்பது எங்கள் விசயம்." அதனால்தான் பாருங்கோ, எங்கள் ஜன்னல் மட்டும் மொட்டை. வேட்பாளர் வீட்டில் வேட்பாளரின் படம் இல்லை. போகிறவர் வாறவர் எல்லாரும் பார்த்துக்கொண்டு போகினம். என்ன நினைப்பார்கள்? மனுசிக்கும் மனுசனுக்கும் சரியில்லை என்று நினைப்பார்கள்.

அப்படி இல்லை. சரியாகத்தான் இருக்கிறோம். சோறு தருகிறா. சுகம் கேட்கிறா. பின்னேரம் வந்து, காலை வெந்நீரில் விட்டுக்கொண்டு, இன்னார் வீட்டில் இப்படிக் கேட்டார்கள், இன்னார் கதவைச் சாத்தினார்கள் என்று எல்லாம் சொல்லுகிறா. நானும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கிறேன். மணி அடித்துவிட்டு இரண்டு அடி பின்னால் நில்லும், கேட்டில் கொழுவியிருக்கிற நாய்ப் பலகையை நம்பாதேயும், 'யோசித்துச் சொல்கிறேன்' என்றால் இல்லை என்று அர்த்தம். எல்லாவற்றையும் காதில் போட்டுக்கொள்ளுகிறா. ஆனால் கேட்கவில்லை. நான் போடுவேன் என்று நினைத்துக் கேட்காமல் விட்டாவா, போடமாட்டேன் என்று நினைத்தா? இரண்டில் எது எனக்குக் கூடுதல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. வாக்கு இரகசியம். மறைப்புக்குள் போய் நான் எதைப் போட்டாலும் ரொட்னிக்குத் தெரியவராது. பிரச்சினை அது இல்லை தம்பி. ஒருக்கால் கேட்க வேண்டும். உங்களுக்கு இருக்கிற மரியாதை, லண்டனில் இருந்து ரயில் ஏறி வந்து கேட்கிறீர்கள், அந்த மரியாதை...

பொறுங்கோ. மணி அடிக்கிறது.

யார் இந்த நேரத்தில்? உங்கள் ஆட்கள் யாரும் உங்களைத் தேடி... இல்லை. அந்தத் திரையைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கோ. நீலக் குடையோ? மங்கைதான். அவவிடம் கதவுத் திறப்பு இருக்கிறதே. காலையில் நான்தான் கைப்பைக்குள் வைத்தேன். பிறகேன் மணி அடிக்கிறா?

எங்கே நிற்கிறா, சொல்லுங்கோ. படியில் இல்லையோ? இரண்டு அடி பின்னாலோ?

கையில் என்ன? நோட்டீசோ?

இருங்கோ, இருங்கோ, நீங்கள் எழும்ப வேண்டாம். வீட்டுக்காரன்தான் திறக்க வேண்டும், அதுதான் முறை. நான் உடனே ஓம் என்று சொல்லமாட்டேன். முதலில் வரியைப் பற்றி ஒரு கேள்வி. பிறகு அந்த ரோட்டுக் குழியைப் பற்றி. அவ கொஞ்சம் நின்று கேட்கட்டும்.

தம்பி, என்ரை தலைமயிர் சரியாய் இருக்குதோ?